பெயில் ஆனால் படிப்பு முடிந்துவிடுமா?

மும்பை தாராவியில் எஸ்.எஸ்.சி. தேர்வு முடிவு வந்ததும் தமிழர் வீடுகள் சிலவற்றில் இதே பேச்சுதான்: "பையன் கணக்கில் கோட்டை விட்டுவிட்டான். இனி வேலைக்குப் போகட்டும்."

அவசரம் வேண்டாம்.

மராட்டியத்தில் தேர்ச்சிக்குப் பொதுவாக 100-க்கு 35 மார்க் தேவை. தவறியவர்களுக்கு முன்பு அக்டோபரில்தான் மறுதேர்வு நடந்தது. அதற்குள் கல்லூரி இடங்கள் நிரம்பிவிடும். ஓராண்டு வீணாகும்.

2015-ல் இந்த நிலை மாறியது. இப்போது ஜூன்-ஜூலையிலேயே மறுதேர்வு நடக்கிறது. தேறினால் அதே ஆண்டில் ஜூனியர் காலேஜில் சேரலாம்.

இன்னொரு வழி

ஓரிரு பாடங்களில் மட்டும் தவறியவர்களுக்கு "ஏ.டி.கே.டி." என்ற சலுகை உண்டு. அவர்கள் 11-ம் வகுப்பில் சேர்ந்து படித்துக்கொண்டே, தவறிய பாடங்களை மீண்டும் எழுதலாம். ஆனால் அவற்றில் தேறியே ஆக வேண்டும். இடம் கிடைத்துவிட்டது என்று அலட்சியமாக இருந்தால் பின்னால் சிக்கல்தான்.

மறுதேர்வுக்குப் படித்த பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். கெடு தேதிக்குள் பணம் கட்ட வேண்டும்.

சுற்றறிக்கை மராத்தியில் இருக்கிறதே என்று தந்தை தயங்கக்கூடாது. வேலை தேடி அனுப்பும் முன், ஒருநாள் லீவு போட்டுத் தலைமை ஆசிரியரைப் பார்க்கட்டும். ஒருநாள் சம்பளம் போகலாம்; மகனின் ஓராண்டு மிஞ்சும்.