எளியோர் முறையீடு

பள்ளியில் பலதிறப்பட்ட மாணவர் ஒருங்கே பயில்கின்றனர். உடல் வலியுடையோரும் மெலிந்தோரும், நாவன்மை உடையோரும் கூச்சம் மிகுந்தோரும் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர். ஆதலின், வலியோர் எளியோரை நலியும் தீமை எந்நாட்டுப் பள்ளியிலும் தலைகாட்டக் கூடியதே. அடித்தல் மட்டுமே கொடுமையன்று. பட்டப்பெயரிட்டு நாள்தோறும் நகைத்தலும், விளையாட்டிற் சேர்க்காது ஒதுக்கலும், கைப்பேசி வாயிலாகப் பொய்ச்செய்தி பரப்பலும் கொடுமையே. துன்புற்ற மாணவன் எளிதில் வாய் திறப்பதில்லை. சொன்னால் கோள் சொல்லி என்பர். சொன்னதற்காக மேலும் அடிப்பர். சொல்லியும் ஒன்றும் நடவாது என்று அவன் எண்ணுகிறான். இம்மூன்றனுள் இறுதியில் நின்ற ஐயமே மிகக் கொடியது.

அவ்வையம் வீண் ஐயமுமன்று. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துப் பொதுப்பள்ளி ஒன்றில், 1992-93 ஆம் கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை உடன்பயின்ற சிறுவன் தகாத சொல்லாலும் செயலாலும் பல மாதம் துன்புறுத்தினான். அவள் ஆசிரியரிடம் கூறினாள்; தாயாரிடமும் கூறினாள்; தாயாரும் பள்ளியில் முறையிட்டார். அவனுக்கு அருகில் இருந்த தன் இருக்கையை மாற்றிக்கொள்ள அச்சிறுமிக்கு இசைவு கிடைப்பதற்கே மூன்று மாதத்திற்கு மேலாயிற்று. நன்கு பயின்று வந்த அவளுடைய மதிப்பெண்கள் சரிந்தன. தாயார் தொடுத்த வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1999 ஆம் ஆண்டில் நீதிபதிகளுள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக நிற்க, பெரும்பான்மையோர் தீர்ப்பு வழங்கினர். ஒரு பிள்ளையின் கல்வியையே தடுக்குமளவு கடுமையான பாலியல் துன்புறுத்தல் மாணவரிடையே நிகழ்வதை நன்கறிந்தும் பள்ளி நிருவாகம் வேண்டுமென்றே பாராமுகமாக இருப்பின், இழப்பீட்டிற்கு அந்நிருவாகம் பொறுப்பாகும் என்பதே அத்தீர்ப்பு. சிறுவன் செய்த பிழைக்கன்று, அறிந்தும் வாளாவிருந்த பிழைக்கே பள்ளி விடை கூறவேண்டும் என்பதை நோக்குக.

ஆயினும், நீதிமன்றம் செல்ல எல்லாராலும் இயலுமோ? வழக்கு முடியுமுன் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. எனவே, முறையீடு எழுந்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்குமாறு சட்டம் செய்தது நியூ ஜெர்சி மாநிலம். அங்கு 2002 ஆம் ஆண்டிலேயே இதுபற்றிய சட்டம் ஒன்று தோன்றியது. அதனினும் கண்டிப்பான சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரோ பிற பணியாளரோ கொடுமையைக் கண்டாலும், நம்பத்தக்க செய்தியாகக் கேட்டாலும், அன்றே தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகக் கூறுதல் வேண்டும். 2 பள்ளி நாட்களுக்குள் எழுத்திலும் தருதல் வேண்டும். வாய்மொழிச் செய்தி கிடைத்த ஒரு பள்ளி நாளுக்குள் தலைமையாசிரியர் விசாரணையைத் தொடங்கச் செய்வார். இருதரப்புப் பெற்றோர்க்கும் செய்தி செல்லும். விசாரிப்பவர், இப்பணிக்கெனவே ஒவ்வொரு பள்ளியிலும் அமர்த்தப்பெற்ற ஒருவர். மாணவர்க்கு அறிவுரை கூறும் அலுவலரையோ உளநூல் வல்லுநரையோ அமர்த்துவது வழக்கம். எழுத்துமூல முறையீடு வந்த 10 பள்ளி நாட்களுக்குள் அவர் தம் பணியை முடித்தல் வேண்டும்.

அப்பத்து நாட்களில் நடப்பது யாது? தேர்ந்த விசாரணையாளர் துன்புற்றவனையும் குற்றஞ்சாட்டப்பட்டவனையும் எதிரெதிரே நிறுத்திக் கேளார். அச்சுறுத்தியவன் கண்முன் நின்று அஞ்சியவன் உண்மை பேசுவது அரிது. ஆகவே தனித்தனியே அழைத்துக் கேட்பார். எங்கு, எப்பொழுது, யார் உடனிருந்தனர் என வினவி, அவரவர் சொற்களிலேயே எழுதிக்கொள்வார். பேருந்து ஓட்டுநர், உணவுக்கூடப் பணியாளர் ஆகியோரின் சான்று ஆசிரியர் சான்றினும் சிலவேளை பயன்படும். கொடுமை பெரும்பாலும் ஆசிரியர் கண் படாத இடத்திலன்றோ நிகழ்கிறது! விசாரணை முடியும்வரை இருவரையும் பிரித்து வைப்பதும் உண்டு. அப்பொழுது துன்புற்றவனையே வேறு வகுப்பிற்கு மாற்றுவது எளிய வழியாகத் தோன்றும். அஃது அவனுக்கே தண்டனை அளித்தது போலாகும் என்பதை அறிந்த தலைமையாசிரியர் அவ்வழியை நாடார்.

குற்றஞ்சாட்டப்பட்டவனும் ஒரு மாணவனே. பெயர் கூறாது முறையிடவும் சட்டம் இடந்தருகிறது. ஆனால் பெயரற்ற முறையீடு ஒன்றை மட்டுமே கொண்டு எவரையும் தண்டித்தல் ஆகாது என்றும் அச்சட்டமே வரம்பு கட்டுகிறது. முறையிட்டவரைப் பழிவாங்குதல் குற்றம். அறிந்தே பொய்ப்பழி சுமத்துதலும் குற்றம். இருவர் பந்திற்காக மல்லுக்கு நின்றால் அது சச்சரவு; கொடுமை எனப்படாது. இனம், நிறம், சமயம், உடற்குறை முதலாக ஒருவனை வேறுபடுத்திக் காட்டும் இயல்பு காரணமாக எழுந்ததென்று கருதத்தக்க செயலே இச்சட்டத்தின்பாற் படும். திக்கிப் பேசும் பிள்ளையைப் போலவே திக்கிக் காட்டி வகுப்பே நகைப்பது இதற்குத் தக்க சான்று. ஒருமுறை நிகழினும் அது கொடுமையாகலாம். எல்லைக்கோடு எப்பொழுதும் தெளிவாக இராது. விசாரிப்பவரின் நடுநிலை அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

விசாரணை முடிந்த 2 பள்ளி நாட்களுக்குள் அதன் முடிவு கல்விக் கண்காணிப்பாளரை அடையும். தண்டனையோ, அறிவுரையோ, பயிற்சியோ அவர் பணிக்கலாம். பின்னர் அது கல்வி வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும். அதன்பின் 5 பள்ளி நாட்களுக்குள், சான்று கிடைத்ததா, நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்பனவற்றைப் பெற்றோர்க்குத் தெரிவிப்பர். மற்றப் பிள்ளைக்கு யாது செய்தனர் என்பதை விரித்துரையார். மாணவர் பற்றிய பதிவேடுகளை மறைவாகக் காக்குமாறு நாட்டுச் சட்டம் விதித்துள்ளது. இதனால் குறைபட்டுக்கொள்ளும் பெற்றோர் உண்டு. முடிவு ஒவ்வாதெனின் அவர்கள் வாரியத்தின்முன் நேரில் கேட்கப்பட உரிமை கோரலாம். கோரிய 10 நாட்களுக்குள் வாரியம் கதவடைத்துக் கூடிக் கேட்கும். வாரியத்தின் முடிவும் ஒவ்வாதோர் 90 நாட்களுக்குள் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.