ஒளிப்பதிவுகளில் படவேக மாற்றம்

திருமலையில் ஆண்டுதோறும் நிகழும் பிரம்மோற்சவத்தை நேரில் காண இயலாத பக்தர்கள் பலர் அதனைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்கின்றனர். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெனத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008-ஆம் ஆண்டில் ஒரு தனி ஒளிபரப்பையே தொடங்கியது. மாடவீதிகளில் அசைந்து வரும் தேர், திரையில் சீராக ஓடுவதும் விட்டுவிட்டுத் துள்ளுவதும் பெரும்பாலும் படவேகத்தைப் பொறுத்தவை.

திரையில் நாம் காணும் சலனம், விரைந்து மாறும் நிலைப்படங்களால் கண்ணுக்கு ஏற்படும் தோற்றமேயாகும். அப்படங்களுள் ஒவ்வொன்றும் ‘பிரேம்’ எனப்படும். சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம்கள் உள்ளன. மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுக்கள் உடைய நம் நாட்டில் தொலைக்காட்சிக்கு 25 பிரேம்கள் ஏற்கப்பட்டன. 60 சுற்றுக்கள் உடைய அமெரிக்காவில் ஏறத்தாழ 30. கைப்பேசிகள் பெரும்பாலும் 30 பிரேம்களிலேயே பதிவு செய்கின்றன. ஒரு வேகத்தில் பதிவானதை மற்றொரு வேகத்திற்கு மாற்றும்போதுதான் தொல்லை எழுகிறது.

சினிமாவும் சுருதியும்

சித்தூர் நாடக மேடையில் புகழ்பெற்று, அவ்வூரின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் சித்தூர் வி. நாகய்யா. அவர் நடித்து, பாடி, இயக்கிய ‘தியாகய்யா’ 1946-இல் வெளிவந்தது. இத்தகைய பழம் படத்தை 25 பிரேம் வேகத்தில் ஓடவிட்டால், 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆறு நிமிடக் குறைவைப் பலர் கவனியார். ஆனால் ஒலியும் உடன் விரைவதால் சுருதி உயர்கிறது. ஒரு கட்டையில் பாடியவர், ஒன்றரைக் கட்டைக்குச் செல்லும் தூரத்தில் பத்தில் ஏழு பங்கைக் கடந்துவிட்டவர்போல் ஒலிப்பார். சுருதியை மட்டும் கணிப்பொறியால் தாழ்த்திவிடலாம். காலப்பிரமாணமோ விரைந்ததாகவே நிற்கும். ஆதலின், சங்கீதம் முக்கியமான படங்களை 24 பிரேம்களிலேயே சேமித்து வைத்தல் நலம். இன்றைய கணிப்பொறிகள் அவ்வேகத்திலேயே அவற்றைக் காட்டவல்லவை.

தேரும் துள்ளலும்

30 பிரேம் பதிவை 25 ஆக்க எளிய வழி, ஆறில் ஒரு பிரேமை நீக்குவது. மனிதர் அமர்ந்து பேசும் காட்சியில் இது புலப்படாது. தேர் நகரும் காட்சியிலோ வினாடிக்கு ஐந்து முறை சிறு துள்ளல் தோன்றும். அடுத்தடுத்த பிரேம்களைக் கலந்தால் துள்ளல் குறையும். ஆனால் உருவங்கள் இரட்டித்து மங்கும். இடைப்பட்ட பிரேம்களைக் கணித்துப் புதிதாக வரையும் முறையும் உண்டு. அதன் விளைவு பெரும்பாலும் நன்றாயினும், தேர்ச்சக்கரம், அசையும் கொடி, நெருங்கிய ஜனத்திரள் ஆகியவற்றில் அது தவறக்கூடும்.

உயர்தெளிவு ஒளிபரப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. 1,080 வரிகள் கொண்ட படம் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு அரைப்படங்களாக, வினாடிக்கு 50 வீதம் அனுப்பப்படுகிறது. அவ்விரண்டும் வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவை. அவற்றை அப்படியே ஒட்டினால் நகரும் பொருள்களின் விளிம்பு சீப்புப்பல்போல் பிளவுபடும். ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப்படமாக நிரப்பி 50 பிரேம்களாக்கினால் சலனம் குன்றாது; 25 ஆக்கினால் அதில் பாதி போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

திருப்பதி கங்கம்மா ஜாத்திரை, சித்தூர் வட்டாரத் தெருக்கூத்து போன்றவற்றைப் பதிவு செய்யும் கள ஊழியர்களும் உபாத்தியாயர்களும் முதலிலேயே 25 அல்லது 50 பிரேம்களைத் தேர்ந்துகொள்வது நன்று. நம் நாட்டு மின்விளக்குகளிற் பல வினாடிக்கு 100 முறை துடிப்பவை. ஆதலால் இவ்வேகங்களில் ஒளிச்சிமிட்டலும் குறையும். பிறர் தந்த பதிவாயின், அதன் படவேகத்தை முதலில் அறிதல் வேண்டும். பள்ளியில் கணிப்பொறி வழியே காட்டுவதற்கு மாற்றம் அவசியமில்லை. மாற்றியே தீரவேண்டுமாயின் ஒரே முறை, மூலப்பதிவிலிருந்தே மாற்றுக. மூலத்தை ஒருபோதும் அழிக்கற்க. இழந்த சலனத்தைக் கணிப்பொறி ஊகிக்கலாமேயன்றி, உள்ளபடி மீட்டுத் தராது.