கிராண்ட் நினைவிடத்தில் ஒரு ஜாஸ் மாலை

சென்ற ஆண்டு ஜூலையில், நியூயார்க்கில் வசிக்கும் மைத்துனரின் இல்லத்துக்கு மாமனாரையும் அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். சபாக் கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளம் போட்டுக் கேட்டே பழகியவர் அவர். மாமியார் மறைந்தபின் ஓராண்டுக்கும் மேலாக வீட்டில் வானொலிகூட ஒலிக்கவில்லை. ஆகவே, ஹார்லெமை ஒட்டிய பகுதியில் கோடைக்காலப் புதன்கிழமைகளில் இலவச ஜாஸ் நிகழ்ச்சி நடைபெறுவதாக மைத்துனர் கூறியபோது, இவர் வருவார் என நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தனியே இருக்க மனமின்றி உடன் வந்தார் என்பதே உண்மை.

இடம், ஹட்சன் ஆற்றுக்கு மேலே அமைந்த கிராண்ட் நினைவிடம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த யுலிசீஸ் கிராண்ட், தாம் பங்குதாரராக இருந்த நிதி நிறுவனத்தில் கூட்டாளி செய்த மோசடியால் 1884இல் கைப்பொருள் அனைத்தையும் இழந்தவர். வங்கிப் பணியில் இருப்போருக்கு எங்கு சென்றாலும் இத்தகைய செய்திகளே முதலில் கண்ணில் படுகின்றன!

தொடரை நடத்துவது ஜாஸ்மொபைல் என்னும் அமைப்பு. பியானோ கலைஞர் பில்லி டெய்லர் 1964இல் முன்னின்று தொடங்கியது. மன்றங்களுக்குக் கட்டணம் செலுத்திச் செல்ல இயலாத மக்களைத் தேடி, நகரும் மேடையில் கலைஞர்கள் தெருத்தெருவாகச் சென்று வாசித்தனர். டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற மேதைகளும் வாசித்த மேடை அது.

மாலை 7 மணி; வெயில் இன்னும் மங்கவில்லை. அக்கம்பக்கத்து முதியோர் மடக்கு நாற்காலியும் விசிறியும் உணவுப் பொட்டலமுமாக வந்து அமர்ந்திருந்தனர். எங்களிடம் இருந்ததோ ஒரு விரிப்பும் தயிர்சாதமும்தான். தொப்பி அணிந்த மூதாட்டி ஒருவர், தம்மிடம் மிகுதியாக இருந்த நாற்காலியை மாமனாருக்குத் தந்தார்.

சாக்ஸபோன், பியானோ, நின்றபடி மீட்டும் பெரிய பாஸ், டிரம்ஸ் என நால்வர். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டவராதலால் சாக்ஸபோன் மாமனாருக்குப் புதிதன்று. எனினும் முதல் இரு உருப்படிகள் எங்களுக்கு வெறும் இரைச்சலாகவே பட்டன. "எடுப்பு எங்கே?" என்றார் மாமனார். மைத்துனர் விளக்கினார்: முதலில் மெட்டை முழுமையாக வாசிப்பர், பின் ஒவ்வொருவராகக் கற்பனையில் இறங்குவர், இறுதியில் மெட்டுக்குத் திரும்புவர். மெட்டின் ஸ்வரக்கூட்டு வரிசை, அடியில் மீண்டும் மீண்டும் சுழன்றுகொண்டே இருக்கும். கற்பனை எவ்வளவு தூரம் பறந்தாலும் அச்சுற்றில் தாம் நிற்கும் இடத்தைக் கலைஞர் தவறவிடலாகாது. உருப்படி முடியும்வரை காத்திராமல், ஒவ்வொருவர் முறை முடிந்ததும் கைதட்டுவதே அங்கு மரபு.

அதன்பின் கேட்ட விதமே மாறிற்று. மூன்றாம் உருப்படியின் பிற்பகுதியில் சாக்ஸபோன் நான்கு ஆவர்த்தனம் வாசித்து நிறுத்த, டிரம்ஸ் நான்கில் விடை தந்தது. மீண்டும் நான்கு, மீண்டும் விடை. "தனி ஆவர்த்தனம்தானே, மாப்பிள்ளை!" என்றார் மாமனார். அவருடைய வலக்கை தொடைமீது இருந்தது. டிரம்ஸ் கலைஞர் கணக்கை ஒளித்து விளையாடி, ஓசையேயின்றி ஒரு கணம் விட்டு, மெட்டுக்குள் விழுந்த அதே நொடியில் இவருடைய கையும் விழுந்தது. நாற்காலி தந்த மூதாட்டி அதனைக் கவனித்துத் தலையசைத்தார். மாமனாரும் பதிலுக்குத் தலையசைத்தார்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விமானம். பயணத் தேதியை மாற்ற என்ன கட்டணம் ஆகும் என்று அன்றிரவு உணவின்போது மாமனார் கேட்டார். விசாரித்தோம்; மூவருக்கும் எனில் தொகை மிகுதி. அவருடைய பயணச்சீட்டை மட்டும் மாற்றிவிட்டு, நாங்கள் இருவரும் திரும்பினோம்.