மலை இங்கே, வழி எங்கே?

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போக ஜீப் பிடிக்க வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லிக்குத்தான் போக வேண்டும். போடிநாயக்கனூர்க்காரர்கள்கூட போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி, சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். பக்கத்திலேயே 8,661 அடி உயர மீசைப்புலிமலை. எல்லைக்கோட்டில் நிற்கிற சிகரம். தங்க, ஏற, வழிகாட்ட எல்லா ஏற்பாடும் மூணாறு பக்கம்.

தெற்கே அகத்தியமலையிலும் இதே கதை. பொதிகை என்று நாம் கொண்டாடுகிற மலைக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து ஏறுகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் அனுமதி உண்டு. அதிருமலை முகாமில் ராத்தங்கி, மறுநாள் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறினால் உச்சியில் அகத்தியர் சிலை. பாபநாசம், காரையாறு வழியாகப் போன நம் பக்கத்துப் பாதையோ அடைத்தே கிடக்கிறது.

கேரளத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நம் பக்கத்துப் பாதைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் என் கவலை.

போடி பக்கத்துக் குரங்கணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் இந்த அடிவாரத்துக்கு இறங்கித்தான் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு ரோப்வேயும் போய், நடைபாதை மட்டும் மிஞ்சியது. தோட்ட வேலைக்கு ஏறியவர்களும் முதுவாக்குடி ஜனங்களும் நடந்து நடந்து அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மலைப்பாதையில் இரண்டு மழைக்காலம் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் போதும், உண்ணிச்செடி இரு பக்கமும் வந்து மூடிக்கொள்ளும். மண் சரிந்த இடத்தில் தடம் மேலே போனதா, கீழே வளைந்ததா என்று சொல்ல, முன்பு நடந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்.

2018 மார்ச் 11 காட்டுத் தீயில் 23 உயிர்கள் போனது இந்தச் சரிவுகளில்தான். மலையேறப் போனவர்களுக்கு அனுமதி இருந்ததா, எந்தப் பாதைக்கு இருந்தது என்றே அப்போது பேசித் தீர்த்தோம். மார்ச் மாதத்தில் ஆளுயரப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், காற்றோடு சேர்ந்த தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேட்டில் ஏறும், அப்போது மேலே ஓடாமல் வெறும் பாறைக்கோ எரிந்து முடிந்த தரைக்கோ ஒதுங்க வேண்டும் என்பதையெல்லாம் எத்தனை பேர் பேசினோம்? எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் மதியத்துக்குமேல் காற்று திரும்பும் என்பது குரங்கணிப் பக்கம் முதுவர் பழங்குடிகளுக்குத் தெரியும். பாபநாசம் மலையில் காணிப் பழங்குடிகளுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிழைப்புக்காகக் கீழே இறங்கிவிட்டால் அந்த அறிவும் கூடவே இறங்கிவிடும். மொபைல் வரைபடத்தில் கோடு இருக்கும். அது காட்டுகிற இடத்தில் பாதை இருக்காது.

புலிகள் காப்பகத்துக்குள் கூட்டம் சேரக் கூடாது என்கிறது வனத்துறை. நியாயம்தான். கூட்டம் வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. தடம் அழியக் கூடாது என்றுதான் கேட்கிறேன். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் ஏறும் பாதையைப் பாருங்கள். மோட்டார் சாலை வந்து நூறாண்டுக்கு மேலாகியும் அது பிழைத்திருக்கிறது. நடுவில் ஓர் ஊர் இருக்கிறது, ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் வாங்க அந்த வழியில்தான் இறங்கி ஏறினார்கள், அதனால்தான்.

2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அரசு திறந்தது நல்ல தொடக்கம். மலையடிவார, பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருப்பது அதைவிட நல்லது. அந்தப் பட்டியலில் இல்லாத பாதைகளுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். வெளியாட்களை விடாவிட்டாலும் பரவாயில்லை. ஆண்டுக்கொரு முறை முதுவர்களையும் காணிகளையும் கூலி கொடுத்து நடக்க வைத்து, புதர் வெட்டி, தண்ணீர் இருக்கும் இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஜனவரியிலேயே அதை முடித்துவிடுவது நல்லது. பிப்ரவரி பாதியிலேயே புல் காயத் தொடங்கிவிடும்.