பந்து கையை விட்டு நீங்கும் நேரம்

 கூடைப்பந்தாட்டத்தில் பந்தை வழங்குவதற்குத் தோழர் எவருமின்றி, எதிரணியின் தடுப்பாட்டக்காரரை ஒரு வீரர் தனியே எதிர்கொள்ள நேரும்போது அவருக்குக் கைகொடுப்பது டிரிபிளிங், அதாவது பந்தை ஒரு கையால் தரையில் தட்டியவாறே தன் வசத்தில் வைத்துக்கொண்டு நகரும் திறன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் இத்திறனுக்கு இடமே இல்லை. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றுதான் அவர் வகுத்திருந்தார். நெருக்கடியில் அகப்பட்டவர்கள் பந்தைத் தரையில் தட்டிவிட்டுத் தாமே மீண்டும் எடுத்துத் தப்பிக்கத் தொடங்கிய பழக்கம் நாளடைவில் வளர்ந்து, பிறகே விதிநூலில் ஏறியது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் இயங்குகிறது. பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களை அக்கல்லூரி உருவாக்கியிருப்பதால், நெய்ஸ்மித்தின் பள்ளிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது என்றே கூறலாம்.

2022-இல் சென்னையில் நடைபெற்ற தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டியில் ஆடவர் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றதும், இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னை வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் இந்நகரில் இவ்வாட்டம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்குச் சான்றுகள். எனினும் கூடை பொருத்திய ஆடுகளங்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மதில்களுக்குள்ளேயே அமைந்திருப்பதால், நூம்பல், வேலப்பன்சாவடி, ஐயப்பன்தாங்கல் போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் வளரும் சிறார்க்குப் பள்ளி முடிந்த பின் கூடையை நோக்கி எறிந்து பழகும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. பந்தைத் தட்டிப் பழகுவதற்கோ கூடை தேவையில்லை. ஒரு பந்தும், அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் அளவுக்குச் சமதளமான சிமெண்ட் தரையும் போதும். ஆட்டத்தின் மற்றத் திறன்களை விட இதையே வீட்டு வாசலில் முழுமையாக வளர்த்துக்கொள்ள முடியும் என்பதால், புறநகர்ச் சிறுவரின் பயிற்சி இங்கிருந்தே தொடங்குவது பொருத்தம்.

சரியாகக் காற்றடித்த பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தானாக விழவிட்டால், அது ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் எழும். அதாவது ஒவ்வொரு முறை தரையில் மோதும்போதும் பந்து தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்வது கையின் வேலை. உள்ளங்கையால் ஓங்கி அறைபவருக்கு ஓசைதான் மிஞ்சுமே தவிர, பந்து கையில் தங்கும் நேரம் மிகக் குறைவாக இருப்பதால் அது எத்திசையில் செல்லும் என்பது அவர் வசத்தில் இருப்பதில்லை. தேர்ந்த ஆட்டக்காரரின் கையைக் கூர்ந்து கவனித்தால், விரல்கள் விரிந்தும், உள்ளங்கை பந்தில் படாமல் குழிந்தும் இருப்பதையும், மேலெழும் பந்தை விரல்நுனிச் சதைகள் தொட்டு, அதனுடனேயே சற்று மேலே சென்று, பிறகு மணிக்கட்டின் மடிப்பால் கீழே செலுத்துவதையும் காணலாம். அவ்வாறு மேலே செல்லும்போது கை பந்தின் அடிப்பக்கத்துக்கு நழுவி அதைத் தாங்கிவிட்டால் அது ‘கேரியிங்’ எனப்படும் விதிமீறல். தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்தபின் மீண்டும் தட்டத் தொடங்கினால் அது ‘டபுள் டிரிபிள்’.

எதிரணியினர் பந்தைப் பறிப்பதற்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அது கையை விட்டு நீங்கியிருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. இடுப்பளவிலிருந்து தானாக விழும் பந்து தரையைத் தொட ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழிருந்து விழுந்தால் 0.25 வினாடி போதும். ஆகவே நெருக்கடியில் தாழ்வாகத் தட்டுவதும், எவ்வுயரத்திலும் பந்தை வலுவாகக் கீழே செலுத்துவதும் ஒரே நோக்கத்தின் இரு வழிகள். நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி, கணுக்கால், முழங்கால், இடுப்பு என மூன்று உயரங்களில் வலுவாகத் தட்டும் ‘பவுண்ட் டிரிபிள்’ பயிற்சியைப் பயிற்சியாளர்கள் முதலில் தருவதன் காரணம் இதுவே. வலக்கைப் பழக்கமுள்ள சிறுவர் இப்பயிற்சியில் இடக்கைக்கு இருமடங்கு நேரம் ஒதுக்குவது நல்லது. ஒரு கையை மட்டுமே நம்புபவரை எந்தப் பக்கம் மறிக்க வேண்டும் என்பதைத் தடுப்பாட்டக்காரர் ஓரிரு நிமிடங்களிலேயே கண்டுகொள்வார்.

கை ஓரளவு பழகியதும் கண்ணைப் பந்திலிருந்து விடுவிக்க வேண்டும். இதுவே இக்கலையின் கடினமான பகுதி. எதிரே நிற்கும் தோழர் விரல்களைக் காட்ட, தட்டிக்கொண்டிருப்பவர் அந்த எண்ணை உரக்கச் சொல்லும் எளிய பயிற்சி இதற்கு மிகவும் உதவும். ஒரு கையால் கூடைப்பந்தைத் தட்டியவாறே மறு கையால் டென்னிஸ் பந்தை மேலே எறிந்து பிடிப்பதும், இரு கைகளிலும் இரு பந்துகளை மாறிமாறித் தட்டுவதும் கவனத்தை வேறொன்றில் செலுத்தும்படி வற்புறுத்துவதாலேயே பயன் தருகின்றன. வேடிக்கை பார்ப்போரைக் கவர்வதற்காகச் செய்தால் அவற்றால் விளையும் நன்மை சொற்பம்.

ஒரு கையிலிருந்து மறு கைக்கு உடலின் முன்னே பந்தை மாற்றும் ‘கிராஸ்ஓவர்’ பயிற்சிக்குச் செங்கற்களையோ செருப்புகளையோ வரிசையாக வைத்து அவற்றினூடே வளைந்து செல்லும் முறை பரவலாக உள்ளது. பந்து முழங்காலுக்குக் கீழேயே கடக்கவும், வாங்கும் கை முன்கூட்டியே தாழ்ந்து காத்திருக்கவும் இதில் பழகலாம் என்பது உண்மைதான். ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்பது ஆடுபவருக்கு முன்பே தெரிந்திருப்பதால், சில நாட்களிலேயே அது வெறும் மனப்பாடமாகி விடுகிறது. 1979-இல் ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று செயல்களை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது விரைவாகச் செயல்பட்டனர். ஒழுங்கின்றிக் கலந்து பழகியவர்களோ அப்போது தடுமாறினாலும், பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவற்றைச் சிறப்பாக நினைவில் வைத்திருந்தனர். பயிற்சியின்போது பந்து நழுவி ஓடுவதைத் தோல்வியாகக் கருதிச் சிறுவரைக் கடியும் பெற்றோரும் பயிற்சியாளரும் இம்முடிவை மனத்தில் கொள்ள வேண்டும். தோழர் கைதட்டியதும் வேகம், உயரம், கை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை உடனே மாற்றுவது, பின்னோக்கி இரண்டடி நகர்ந்து மீண்டும் முன்னேறுவது, சாக்கட்டியால் கோடிட்ட மூன்று மீட்டர் அகலப் பாதையில் உண்மையான தடுப்பாட்டக்காரரைக் கடந்து செல்வது எனப் பயிற்சி வேறுபட வேண்டும்.

பந்தின் அளவிலும் கவனம் தேவை. ஆடவர் ஆடும் 7-ஆம் எண் பந்து ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் சுற்றளவும் 600 கிராம் எடையும் கொண்டது. பத்து வயதுச் சிறுவரின் விரல்கள் அதில் போதிய அளவு படியாததால், அவர் உள்ளங்கையால் அறையவே பழகிவிடுவார். மகளிர்க்கு 6-ஆம் எண்ணும், சிறார்க்கு 5-ஆம் எண்ணும் உரியவை. சிமெண்ட் தரைக்குத் தோல்பந்தை விட ரப்பர் பந்தே தாக்குப்பிடிக்கும். கோடை வெயிலில் கிடந்த பந்து உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடுவதால் வழக்கத்தை விட உயர எழும். மார்கழி விடியலில் பனியீரமும் தரைமணலும் சேர்ந்து பந்தை மட்டுமன்றிக் காலையும் வழுக்கச் செய்யும். பயிற்சிக்கு முன் தரையைப் பெருக்கி, ஈரத்துணியால் பந்தைத் துடைத்து உலரவிட்ட பின் இடக்கையிலிருந்து தொடங்குவது நலம்.