குடவோலை மண்ணில் ஓட்டுப் பெட்டி வராத ஐந்து ஆண்டுகள்

2016 அக்டோபர் கடைசியிலிருந்து 2021 அக்டோபர் வரை எங்கள் தென்னேரிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் கிடையாது. வார்டு உறுப்பினரும் கிடையாது. எங்கள் ஊருக்கு மட்டுமில்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குமே கிடையாது. ஐந்து ஆண்டு என்பது ஒரு முழுப் பதவிக்காலம். ஒரு தேர்தலை அப்படியே எங்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரில் ஒரு சத்தமும் எழவில்லை.

அந்த ஐந்து ஆண்டும் ஊர் வாய்மூடி இருந்ததா என்றால், இல்லை. 2016 நவம்பரில் ஒரே வாரத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாமல் போயின. அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்தார். டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார். அடுத்த பிப்ரவரியில், அன்றைக்கு எங்கள் மாவட்டத்திலேயே இருந்த கூவத்தூரில் எம்.எல்.ஏ.க்களைக் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். அதற்குப் பிறகு கொரோனா. டீக்கடையிலும், நடவு வயலிலும், நூறு நாள் வேலையில் புங்க மர நிழலிலும் இதையெல்லாம் பேசித் தீர்த்தோம். நானும்தான் பேசினேன். ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவள் நான். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிறவள். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது என்ற பேச்சு மட்டும் எங்கள் அரசியல் பேச்சுக்குள் வரவே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கல்வெட்டின் உயிர் அந்த விதிகளுக்குள் இருக்கிறது.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். இன்றைய வார்டு மாதிரி. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவி 360 நாள்தான். ஒருவர் பதவியில் இருந்தால் அடுத்த மூன்று ஆண்டுக்கு அவர் பெயரைக் குடத்தில் போட முடியாது. ஓலை எடுப்பதற்கு முன் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் உரக்கப் படித்த பிறகு அங்கே இருக்கிற மற்றவர்களும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவரோடு நிற்கவில்லை. அவருடைய அப்பா, பிள்ளை, கூடப் பிறந்தவன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, தாய்மாமன், மாமனார், மச்சான், சகோதரி புருஷன், சகோதரி பிள்ளை, மருமகன் என்று உறவுமுறைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தன் பெயர் போனால் தம்பி பெயரை நிறுத்தலாம் என்ற வழியையும் அடைத்திருக்கிறார்கள். 919-ல் எழுதிய விதிகளை இரண்டே ஆண்டில் எடுத்துத் திருத்தியும் இருக்கிறார்கள். உறுப்பினராவதற்கு 30-லிருந்து 60 என்று இருந்த வயது வரம்பு 921-ல் 35-லிருந்து 70 ஆனது. ஓட்டை தெரிந்தால் உடனே அடைக்கிற சபை அது.

அந்தச் சபையில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். வரி கட்டுகிற கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியில் மண் வெட்டியவனும் வயலில் நாற்று நட்டவளும் குடத்துக்கு வெகு தூரத்தில் நின்றிருப்பார்கள். அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பதவிக்கு வந்தவன் கணக்குச் சொல்ல வேண்டும், காலம் முடிந்தால் இறங்க வேண்டும் என்ற இரண்டு விதிகளைத்தான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

2020 டிசம்பர் 10 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இந்திய ஜனநாயகத்தின் தொன்மைக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சான்றாகச் சொன்னார். மறுநாள் பேப்பரில் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது, உடனே வலிக்கவும் செய்தது. அவர் பேசிய அந்த நாளில் உத்திரமேரூர் ஒன்றியத்தின் 73 கிராம ஊராட்சிகளில் ஒன்றில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. உத்திரமேரூர் பேரூராட்சிக்கும் மன்றம் இல்லை. அங்கே 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது.

எப்படி நடந்தது இது? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தரப்பு வழக்குப் போட்டது. அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, கால அவகாசம் என்று மூன்று ஆண்டுகள் போயின. 2019-ல் மாவட்டங்களைப் பிரித்தார்கள். எங்களிடமிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. புதிய எல்லைப்படி மறுவரையறை முடியவில்லை என்பதால், 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தபோது காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் எங்களுக்கு ஓட்டுப் பெட்டி வந்தது. வழக்குப் போட்ட கட்சி, ஆட்சியில் இருந்த கட்சி, அதிகாரிகள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் சேர்ந்து தேர்தலை விழுங்கியது.

தேர்தல் இல்லாத காலத்தில் ஊராட்சியைத் தனி அலுவலர் நடத்துவார். அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். எங்கள் வாலாஜாபாத் ஒன்றியத்தில் 61 ஊராட்சிகள். 61 ஊருக்கும் அவர்தான் தலைவர் இடத்தில். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். 61 ஊரின் தெருவிளக்கையும் மோட்டாரையும் குப்பையையும் ஒரு மனிதர் பார்க்கவே முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் என்றால் காலையில் வாசலில் போய் நின்று, "என்னாப்பா, மூணு நாளா மோட்டார் ஓடல, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க?" என்று கேட்கலாம். அவர் நம் தெருவில்தான் நடந்தாக வேண்டும், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும், மறுபடி ஓட்டுக் கேட்டாக வேண்டும். அதிகாரியிடம் மனுதான் கொடுக்க முடியும்.

பணமும் நின்றது. மத்திய நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிக்குத்தான் வரும். தேர்தல் நடத்தாததால் பதினான்காவது நிதிக்குழுவின் மானியத்தைத் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதது அரசு, தண்டனை அனுபவித்தது கிராமம்.

இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 2016-ல். அதன்படி நடக்க வேண்டிய முதல் தேர்தலே ரத்தானது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்து ஆண்டு தேர்தலை முறையாக நடத்த முடியாமல் 2006-ல்தான் நடந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பதவியை ஐந்து ஆண்டு காலியாக வைத்திருந்ததை என்னால் சாதாரண நிர்வாகத் தாமதம் என்று ஏற்க முடியவில்லை.

நாங்கள் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். 38 ஆண்டு இடைவெளி. அதில் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்த பிறகு, பெட்டி மறுபடி மூடிக்கொண்டது. இலங்கையில் 2023 மார்ச் 9-க்கு வைத்திருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6-ல் தேர்தல் நடந்தது. ஆனால் யாழ்ப்பாணமும் வன்னியும் அடங்கிய வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்ததோடு சரி, அடுத்த தேர்தலை வைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். தமிழர்கள் போராடிப் பெற்ற அதிகாரம் என்று நாம் இங்கே மேடையில் பேசுகிற சபையின் கதி அது.

உலகச் செய்தி எங்களுக்கு வேண்டாத விஷயம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். என் மகளும் போகிறாள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தபோது, "எங்க லைன நிறுத்திடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் காட்மாண்டுவில் இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்கே தீ வைத்த காட்சியைப் போனில் காட்டினாள். ஆட்சி தங்களுக்குக் காது கொடுக்காது என்று முடிவு கட்டிய பிள்ளைகள் அவர்கள். வாஷிங்டனில் என் குரல் கேட்காது, டெல்லியிலும் கேட்காது. கேட்கிற தூரத்தில் இருப்பது கிராம சபை ஒன்றுதான். அதனால்தான் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன்.

அந்தச் சபைக்கும் போதிய அதிகாரம் இல்லை என்பதை எங்களுக்குப் பக்கத்திலேயே பார்க்கிறோம். பரந்தூர் விமான நிலையத்துக்காக 13 கிராமங்களின் நிலம் கேட்டு 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபை கூடும்போதெல்லாம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். ஊரும் ஏரியும் போய்விடும் என்பது அவர்கள் கவலை. 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். தீர்மானங்கள் காகிதத்தில் இருக்கின்றன. திட்டம் நகர்ந்துகொண்டே போகிறது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்கள் ஊரிலேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் ஓர் ஊரே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுத்தில் ஒரு பதில்கூடக் கொடுக்கத் தேவையில்லை என்கிற சட்டம் குறையுள்ள சட்டம்.

ஏரியும் அப்படித்தான். உத்திரமேரூரில் ஏரி வாரியம் ஊருக்குக் கணக்குச் சொன்னது. தென்னேரி ஏரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று; அது நீர்வளத் துறையின் கையில். 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனமுள்ள சிறிய ஏரிகள் ஒன்றியத்தின் கையில். மதகு எப்போது திறக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாங்கள். அதைக் கிராம சபையில் வந்து சொல்லும்படி துறையை ஏன் கட்டாயப்படுத்தக் கூடாது?

அரசியல் சட்டத்தின் 243-E பிரிவு தெளிவாக இருக்கிறது. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். 1993 ஏப்ரல் 24 முதல் இது சட்டம். இருந்தும் 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று காலம் முடிந்தபோது தேர்தல் வைக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்போதும் மாநிலம் எதைப் பேசிக்கொண்டிருந்தது? 2026 சட்டமன்றத் தேர்தலில் யாரோடு யார் கூட்டணி என்பதை.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் 274 ஊராட்சிகளுக்கும் 2026 அக்டோபரில் பதவிக்காலம் முடிகிறது. உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை எப்போது என்று பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். போங்கள், பெண்கள் கூட்டமாகப் போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால் எழுந்திருக்காதீர்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு, அதன் நகலை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்புங்கள்.