மின்கித்தாரும் ழகரமும்

மொழியைப் பற்றிய சொற்பொழிவு வரிசையில் மின்கித்தாருக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் வினவக்கூடும். பேராக் மாநிலத்தில் தமிழ் இன்று ஒலிபெருக்கியின் வழியே உரத்து ஒலிக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் இசைக்குழுவின் மேடை முன்வரிசையில் நிற்கும். ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் ஆகிய ஊர்களின் திருமண மண்டபங்களிலும், தோட்டங்கள் மறைந்த பின்னர் எழுந்த குடியிருப்புகளின் பொது மண்டபங்களிலும் இளைஞர்கள் தமிழ்ப் பாடல்களை இசைக்கின்றனர். அங்குப் பாடப்படும் சொல் கேட்போரின் காதுக்குச் சொல்லாகவே சென்று சேர்கிறதா என்பது மொழியியலார் கவலைப்பட வேண்டிய செய்தியே.

இக்கவலை நமக்கு நூல்வழி வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவை அடுத்த ஓர் ஊரில் நடந்த பாட்டுப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தோம். மாணவர் ஒருவர் தம் பள்ளித் தோழர்களின் இசைக்குழுவோடு பாடினார். குரல் நன்று, சுருதியும் தாளமும் பிழையில்லை. ஆயினும் ‘மழை’ என வரவேண்டிய இடத்தில் நமக்கு ‘மலை’ என்று கேட்டது. ‘தழை’ எது, ‘தலை’ எது என்று பிரித்தறிய இயலவில்லை. உச்சரிப்புக்குரிய மதிப்பெண்களில் பாதியைக் குறைத்தோம். அவர் பரிசு பெறவில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் அவருடைய தந்தையார் நம்மிடம் வந்தார். வழக்காடவில்லை. “ஐயா, இதை மட்டும் ஒரு தடவ கேட்டுடுங்க” என்று கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவை இயக்கிக் காட்டினார். முந்திய வாரத்து ஒத்திகை அது; கித்தார் வாசிப்பவர் அன்று வந்திருக்கவில்லை. அதே பாடல், அதே குரல். ழகரம் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக ஒலித்தது.

தீர்ப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது, நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் அன்று மேடையின் பின்புறத்தில் கித்தார் வாசித்த இளைஞரையும் கண்டு பேசினோம். அவருக்கும் ஒரு குறை இருந்தது. “கித்தார் சத்தம் யாருக்குமே கேக்கலைங்க ஐயா. எவ்வளவு கூட்டினாலும் உள்ளயே போயிடுது” என்றார். பாடியவரின் சொல் கேட்கவில்லை. அதை மறைத்த கருவியும் கேட்கவில்லை. இவ்விரு குறைகளுக்கும் காரணம் ஒன்றே என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிய இசைக்குழுவில் கேட்காமற்போவது கித்தாரின் பிறவிக்குறை. எக்காளங்களும் முரசுகளும் நிறைந்த 1920களின் அமெரிக்க நடனக் குழுக்களில் கித்தார் இருப்பதே தெரியாது. அக்குறையைப் போக்கவே 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் மின்கித்தாரை உருவாக்கி விற்பனைக்குக் கொணர்ந்தனர். எஃகுத் தந்தி காந்தத்தின் அருகே அதிர, கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலியாக்கலாம். 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், ஊதுகருவி போலத் தனிச்சுரங்களை மின்கித்தாரில் இசைத்து அதற்கு முன்வரிசையில் இடம் பெற்றுத் தந்தார். நம் பகுதிக்கு இவ்வலை வந்தது 1960களில். கிளிஃப் ரிச்சர்டும் ‘த ஷேடோஸ்’ குழுவும் 1961இல் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினர். பின்னர் ‘பாப் யே யே’ எனப் பெயர்பெற்ற மலாய்க் கித்தார்க் குழுக்கள் பல்கிப் பெருகின. ஷேடோஸ் குழுவின் புகழ்பெற்ற இசைத்துணுக்குகளில் பாடகரே இல்லை என்பதைக் கருத வேண்டும். பாடகரின் இடம் வெறுமையாக இருந்தது. கித்தார் அதில் அமர்ந்துகொண்டது. ஆகவேதான் அது அவ்வளவு துலங்கிக் கேட்டது.

(ஒரு சொல்லாய்வு இடைச்செருகல். ரப்பரைக் குறிக்கும் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல் நம் தோட்டத் தமிழில் ‘கித்தா’ ஆயிற்று. கித்தாக் காடு, கித்தா மரம் என்போம். கித்தாரோ பழங்கிரேக்க யாழ்வகையின் பெயரிலிருந்து பல மொழிகளைக் கடந்து வந்த சொல். இரண்டிற்கும் உறவில்லை. ஆயினும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த காதுக்கு ஓர் எழுத்தே வேறுபாடு.)

இனி ஒலியியலுக்கு வருவோம். வழக்கமான சுருதிகூட்டலில் கித்தாரின் ஆறு வெற்றுத் தந்திகள் ஏறத்தாழ 82, 110, 147, 196, 247, 330 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஒலிக்கும். இருபத்திரண்டாம் கட்டை வரை அழுத்தினால் மேல்தந்தி 1175 ஹெர்ட்ஸை எட்டும். இவை அடிச்சுரங்களே, இவற்றின் மேல்சுரங்கள் இன்னும் உயரே செல்லும். ஆனால் மின்கித்தாருக்கென அமைந்த பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைந்து தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு இருக்கும்; கித்தாரின் கூர்மை அம்மேட்டில்தான் உள்ளது. இப்போது பழைய தொலைபேசியை நினைவு கொள்க. அது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்தியது. அவ்வளவைக் கொண்டே நாம் ஒருவர் சொல்லை ஒருவர் புரிந்துகொண்டோம். ஆக, பேச்சு வாழும் நிலமும் மின்கித்தார் வாழும் நிலமும் பெரும்பாலும் ஒன்றே.

தமிழுக்கு இதில் கூடுதலான இடர் உண்டு. நாம் ஒலிக்கும்போது வாயறையின் ஒத்ததிர்வால் சில அதிர்வெண் பட்டைகள் வலுப்பெறுகின்றன. அவற்றைச் செறிவுப் பட்டைகள் என்போம். அ, இ, உ என்னும் உயிர்களை வேறுபடுத்த முதலிரு பட்டைகள் போதும். ல, ள, ழ என்பவற்றைப் பிரித்தறியவோ மூன்றாம் பட்டை இன்றியமையாதது. நா மேல்நோக்கி வளைந்து ழகரத்தை ஒலிக்கும்போது, வயதுவந்த ஆணின் குரலில் மூன்றாம் பட்டை ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி இரண்டாம் பட்டையை நெருங்கும். லகரத்தில் அது மேலேயே நிற்கும். தொல்காப்பியப் பிறப்பியல் ரகர ழகரங்களை நுனிநா உயர்ந்து அண்ணத்தை வருடப் பிறப்பனவாக ஓரிடத்தில் வைத்து, லகர ளகரங்களை நாவின் விளிம்போடு தொடர்புபடுத்தி வேறாக வைத்தது. ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு ஆராய்ந்த சிறீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெய்ல் கான் ஆகியோரின் கட்டுரை 1999இல் வெளிவந்தது. நாவின் வடிவமும் அதன் ஒலி விளைவும் அதில் விரிவாகக் காட்டப்பட்டுள்ளன. மாணவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்ல பயிற்சி.

ழகரத்தை வேறுபடுத்தும் குறி 1500க்கும் 3000க்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. கித்தார் ஒலிபெருக்கியின் மேடும் அதையொட்டியே தொடங்குகிறது. அதுவும் போதாதென்று, செவியின் இயல்பு ஒன்று பாடகருக்கு எதிராக நிற்கிறது. ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேட்கவொட்டாமல் செய்வதை மறைப்பு என்பர். வீகல், லேன் என்னும் இருவர் 1924இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைக்கும் அளவுக்கு உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பதில்லை. ஒலியின் வலிமை கூடக்கூட இம்மறைப்பு மேல்நோக்கி மேலும் பரவும். நம் கித்தார் இளைஞர் ஒலியளவைக் கூட்டக் கூட்ட, அவருடைய கருவியின் தாழ்ந்த பகுதி பாடகரின் மூன்றாம் பட்டையை மூடியது. அவருடைய கருவியின் கூர்மையையும் பேஸ் கித்தாரும் டிரம்ஸும் கீபோர்டும் அதே முறையில் மூடின.

ஒலியளவைக் கூட்டுவதால் கிடைக்கும் பயனும் நாம் எண்ணுவதைவிடச் சிறிது. ஐம்பது வாட் பெருக்கியை விட்டு நூறு வாட் வாங்கினால் கூடுவது மூன்று டெசிபெல் மட்டுமே. இருமடங்கு உரப்பாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல், வேண்டும். இதை அறியாமல் பெருக்கிக்குப் பணம் சேர்க்கும் பிள்ளைகளைக் கண்டு நாம் வருந்தியதுண்டு.

பின் என்னதான் செய்வது? முதலில் வீட்டு அறையில் அமைத்த ஒலியை மேடைக்குக் கொண்டுவரலாகாது. தனியே வாசிக்கும்போது பேஸ், டிரெபிள் திருகுகளை மிகுத்து மிடில் திருகைக் குறைத்தால் ஒலி அகன்று இனிமையாக இருக்கும். குழுவில் அதே ஒலி காணாமற்போகும். கீழ்ப்பகுதியைப் பேஸ் கித்தாரும் டிரம்ஸின் பெரிய முரசும் கொண்டுவிடும். மேற்பகுதியை வெண்கலத் தட்டுகள் கொண்டுவிடும். நடுவில் தனக்கென இருந்த நிலத்தை வாசிப்பவர் தாமே விட்டுக்கொடுத்துவிட்டார். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைக் கலவைப் பலகையில் வெட்டிவிட்டு, பேஸைத் தணித்து, மிடிலை உயர்த்த வேண்டும். தனியே கேட்டால் அவ்வொலி மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். குழுவோடு சேர்ந்தவுடன் சரியாகிவிடும். புதியவர்கள் நம்பத் தயங்கும் இடம் இதுதான்.

அடுத்து டிஸ்டார்ஷன். ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் இவ்வமைப்பு, மேல்சுரங்களை நிறைத்து, சுரத்தின் தொடக்க அடியையும் மழுங்கச் செய்கிறது. ஒலி எந்நேரமும் ஒரே உரப்பில் நிற்பதால் குரல் நுழைய இடைவெளி கிடைப்பதில்லை. கித்தாரின் சுரங்களும் தனித்தனியே விளங்குவதில்லை. ஒலிப்பதிவுகளில் பெரிதாகக் கேட்கும் கித்தாரில் நாம் கற்பனை செய்வதைவிடக் குறைந்த சிதைவே இருக்கும். எதிரொலிக் கருவியையும் அளவோடு கையாள வேண்டும். தகரக் கூரையும் வெறுஞ்சிமெண்டுச் சுவருமாக நிற்கும் மண்டபங்கள் தாமே வேண்டிய மட்டும் எதிரொலிக்கின்றன.

மிடிலை உயர்த்தினால் பாடகரின் நிலத்தில் மேலும் கால் பதிக்கிறோமே என்று கேட்கலாம். சரியான வினா. உயர்த்த வேண்டியது பெரும்பாலும் 500 முதல் 1200 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. கித்தாரின் உடற்கட்டு அங்குள்ளது. குரல் ஒலிக்கும் வரிகளில் 2000க்கும் 3000க்கும் இடையே மூன்று, நான்கு டெசிபெல் தணிக்க வேண்டும். தனி வாசிப்பு வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கலவைப் பலகையில் அமர்ந்திருப்பவர் பாடலின் அமைப்பை அறிந்தவராக இருந்தால் ஒரு விரல் அசைவில் முடியும் வேலை. நம் மண்டபங்களில் அவ்விருக்கையில் பெரும்பாலும் வாடகைக்குக் கருவி தந்தவரின் உதவியாளர் அமர்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒலிபெருக்கி நிற்கும் இடமும் கவனத்திற்குரியது. உயர்ந்த அதிர்வெண்கள் நேர்கோட்டில் குவிந்து செல்வன. தரையில் வைத்த பெட்டி அவற்றை வாசிப்பவரின் முழங்காலுக்கு அனுப்புகிறது. அவர் தமக்குக் கேட்கவில்லையென்று கூட்டுகிறார். நேர் எதிரே அமர்ந்தவர் காதைப் பொத்துகிறார். பெட்டியைச் சாய்த்து வாசிப்பவரின் செவியை நோக்கித் திருப்பினாலே பல குழுக்களில் சண்டை பாதி குறையும்.

இவை யாவும் கருவியின் வழி. இவற்றுக்கும் மேலாக இசையமைப்பின் வழி ஒன்று உண்டு. இளையராஜா திரைக்கு இசையமைக்கும் முன் ஜி. கே. வெங்கடேஷ் முதலானோரிடம் கித்தார் வாசித்தவர். அவருடைய பாடல்களில் கித்தார் தனித்து நிமிர்ந்து நிற்பது பெரிதும் பல்லவிக்கு முன்னும் சரணங்களுக்கு இடையிலும்தான் என்பதைக் கேட்டறியலாம். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலை மாணவர்களுக்குப் பரிந்துரைப்போம். அது மின்கித்தார் அன்று. ஆயினும் குரலும் தந்தியும் ஒன்றையொன்று மிதிக்காமல் செல்லும் முறைக்கு அதனினும் எளிய பாடம் கிடைப்பது அரிது. மேடையில் மற்றோர் இடையூறு கீபோர்டு. இரு கைகளாலும் நடுப்பகுதி முழுவதையும் நிரப்பும் பழக்கம் அதை வாசிப்போரிடம் உண்டு. கித்தார் மேல்தந்திகளில் இருக்கையில் கீபோர்டின் வலக்கை ஓய்வெடுக்கலாம்.

மலேசியத் தமிழரில் பலர் இயல்பான பேச்சில் ழகரத்தை ளகரமாக ஒலிப்பது உண்மையே. எல்லாப் பழியையும் கித்தாரின்மேல் ஏற்ற நாம் முனையவில்லை. நாவின் பிழை எது, ஒலிக்கலவையின் பிழை எது என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்றைப் பின்னர்க் கைக்கொண்டோம். தலை, தளை, தழை. கலி, களி, கழி. வாலை, வாளை, வாழை எனச் சொற்களை ஒழுங்கு மாற்றி எழுதி ஒரு தாளில் தர வேண்டும். பாடகர் முதலில் குழுவின் இசையின்றி ஒலிவாங்கியில் அவற்றை வாசிப்பார். மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்த மாணவர்கள் கேட்டதை எழுதுவர். பின்னர் குழு முழுதும் இசைக்க, அதே சொற்கள் வேறு ஒழுங்கில். முதல் தாளிலேயே பிழை மிகுந்தால் அது ஆசிரியரின் வேலை. இரண்டாம் தாளில் மட்டும் மிகுந்தால் கித்தார் வாசிப்பவர் எழுந்து சென்று திருகுகளைத் தொட வேண்டும்.

அந்த இளைஞர்கள் இச்சோதனையைப் புந்தோங்கில் ஒரு மண்டபத்தில் செய்து பார்க்க நம்மையும் அழைத்திருந்தனர். மூன்றாம் முறை பேஸைத் தணித்து, பெட்டியை ஒரு நாற்காலியின்மேல் சாய்த்து வைத்தபோது, கடைசி வரிசையிலிருந்த மாணவி எழுதிய தாளில் ‘வாழை’ வாழையாகவே இருந்தது. கித்தார் வாசித்தவர் அத்தாளைப் பார்க்கவில்லை. “இப்பதான் ஐயா என் கித்தார் எனக்கே கேக்குது” என்றார்.